சிக்னல் எட்டாத மூலை

பிரிஜெட்டைவிட அவள் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் அதிகம் பேசும் என்பாள் கூட வேலை செய்யும் ஷோபா. அதில் பொய் இல்லை. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில், பிரிஜெட் வருகிறாள் என்பது சாவிச் சத்தத்தில்தான் தெரியும். வந்து, கதவைத் திறந்து, சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். உள்ளே போகிறவர்கள் நன்றி சொன்னால் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

அங்கே துப்புரவு வேலை செய்யும் பெண்களில் அவள்தான் பழைய ஆள். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஜோகுபாளையத்தில் தம்பி டேரிலின் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா படுத்த படுக்கையானாள். கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்று அப்பா சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அம்மா போன பிறகு தம்பியை வளர்க்க வேண்டியிருந்தது. தம்பி வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டபோது, பிரிஜெட்டுக்கும் கல்யாணம் செய்யவேண்டும் என்று நினைத்துப் பார்க்க யாரும் மிச்சமில்லை. ஞாயிறு பூசைக்குப் போனால் தூணுக்குப் பின்னால் உட்காருவாள். அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம், யாருக்கும் தான் தெரியவேண்டியதில்லை.

பார்ப்பதுதான் அவளுக்குப் பிடித்த காரியம். எந்த அதிகாரி யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடிக்குப் போய் சிகரெட் பிடிக்கிறார், எந்தப் பெண் கழிப்பறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை.

கட்டடத்தின் அடித்தளத்தில் யு.பி.எஸ். அறை இருந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடாமல் தாங்கிக்கொள்ளும் பெரிய பேட்டரிகள் அங்கே இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அதை ஒட்டி ஒரு சின்ன அறை. முன்பு பழைய பேட்டரிகள் போட்டு வைத்திருந்தார்கள். அவை போன பிறகு அந்த அறை யார் நினைவிலும் இல்லை. சாவி பிரிஜெட்டிடம் இருந்தது. மதியம் பெண்கள் ஒவ்வொருவராக நழுவி அங்கே வந்துவிடுவார்கள். பாய் விரித்து, டிபன் பாக்ஸைத் திறந்து, குழம்பை மாற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்காருவார்கள். கேண்டீன் அவர்களுக்கு இல்லை; மாடிகளில் இருக்கும் காபி அறையில் நிற்கலாம், உட்காரக் கூடாது. கட்டடம் முழுவதிலும் அவர்கள் உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். அங்கே உட்காரலாமா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்றுதான் பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

செல்போன் சிக்னல் அங்கே எட்டாது. எலக்ட்ரீஷியன்களுக்காக என்றோ மாட்டிய போன் ஒன்று சுவரில் இருந்தது, வயர் போன். அதற்கு வரும் அழைப்புகளில் பாதி, அந்தப் பெண்களில் ஒருத்தியான யசோதாவுக்குத்தான்.

யசோதாவின் வீடு ஒக்கலிபுரத்தில். அவள் கணவர் அப்பாதுரை ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் தூக்கிக்கொண்டிருந்தவர். வலிப்பு வர ஆரம்பித்ததும் வேலையை விட்டார். பகலில் வீட்டில் தனியாக இருப்பார். ஏதாவது ஆனால் பக்கத்து வீட்டு விஜி ஆபீஸ் நம்பருக்குப் போன் போடுவாள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் அந்த அழைப்பைக் கீழே தள்ளிவிடுவாள். மணி அடித்தால் யசோதாவின் கை சோற்றிலேயே நின்றுவிடும்.

அந்த வருஷ மழை முடிந்ததும் கட்டடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. மேஜைக்கு மேஜை ஓடும் வயர்களையெல்லாம் எடுத்துவிடப் போகிறார்களாம். கம்ப்யூட்டர், போன் எல்லாம் இனிமேல் வயர் இல்லாமல் காற்றிலேயே ஓடுமாம். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை செய்யலாமாம். துப்புரவுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு போன் தருவார்களாம். எந்த மாடியில் என்ன கொட்டினாலும் அந்தப் போனில் செய்தி வருமாம்.

"நாய் கழுத்துல மணி கட்ற மாதிரி" என்றாள் ஷோபா. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். "ஒண்ணுக்குப் போனாலும் அதுல தெரிஞ்சுடும், பாரு."

இதற்காகக் கட்டடத்தை அளக்க நிருபமா என்ற இன்ஜினியர் வந்தாள். சேலத்துப் பெண். கழுத்தில் மாட்டிய பட்டையில் கம்ப்யூட்டரைத் தட்டு மாதிரி தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் நாலு அடி நடப்பாள், நிற்பாள், திரையைத் தட்டுவாள், மறுபடியும் நடப்பாள். கட்டடத்தை நிர்வகிக்கும் டென்சில் சார், கதவு திறக்க பிரிஜெட்டைக் கூடவே அனுப்பினார்.

நிருபமா வருவதற்கு முந்தின நாளே ஷோபா எல்லாரையும் கூட்டிவிட்டாள். "அளக்குறாங்கோன்னா என்னா? யார் எங்க சும்னே ஒக்காந்துக்கறாங்கன்னு கண்டுபிடிக்கத்தான். நாளைக்கு அந்த ரூம்ல ஒரு பருக்கை கெடக்கக் கூடாது." பாயைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். டிபன் பைகள் மாட்டும் ஆணிகளைப் பிடுங்கினார்கள். ஊறுகாய் பாட்டிலைக்கூட விடவில்லை. குழம்பு வாசனை போகவேண்டும் என்று பினாயிலை ஊற்றித் துடைத்தார்கள். உடைந்த நாற்காலிகள் நாலைக் கொண்டுவந்து குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்கள். திருட்டுச் சொத்தை ஒளிக்கிறவர்கள்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கமாட்டார்கள்.

நிருபமாவோடு நடந்தபோது பிரிஜெட்டுக்குத் திரையைப் பார்ப்பது பிடித்திருந்தது. கட்டடத்தின் படம் அதில் இருந்தது. அவர்கள் நடந்த இடமெல்லாம் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறைந்துகொண்டே வந்தது. கோலத்துக்கு வண்ணப்பொடி போடுவது போல இருந்தது. எங்கே பச்சை மங்குகிறதோ அங்கே கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டுவார்கள், அது இருந்தால் எந்த செல்போனும் அடிக்கும் என்று நிருபமா அவளிடம் சொன்னாள். அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கன்னடம் பேசும் அந்த ஊரில், தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னாள்.

அடித்தளத்துக்கு வந்தார்கள். பிரிஜெட் அந்தச் சின்ன அறையைத் திறந்தாள். பினாயில் நெடி மூக்கில் ஏறியது. திரை சாம்பல் நிறமாகிவிட்டது.

"இங்க சுத்தமா சிக்னலே இல்லையே. யாராவது இருப்பாங்களாக்கா இங்க?"

"யாரும் இருக்கமாட்டாங்க மேடம். ஓட்டை சாமான்."

கேட்டதும் பதில் வந்துவிட்டது. வழக்கமாக ஒரு வார்த்தை சொல்ல நாலு தடவை யோசிப்பவளுக்கு, இந்தப் பொய் யோசிக்காமலேயே வந்தது. நிருபமா திரையில் அந்தக் கட்டத்தைத் தட்டி, பெட்டி வேண்டாம் என்று குறித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு மதியம் ஷோபா தன் முட்டைப் பொரியலில் பாதியை பிரிஜெட்டின் தட்டில் கொட்டினாள். "அக்கா, நீ வாய் தொறந்தாலும் தொறந்த, சக்கத்தா, ஜோரா தொறந்த!" புதுப் போன் வந்தாலும் இந்த மூலையில் அது அடிக்காது. அந்த அரைமணி நேரத்துக்கு யாராலும் அவர்களைக் கூப்பிட முடியாது. யசோதாவும் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்தாள்.

வெள்ளைப் பெட்டிகள் கூரையெங்கும் முளைத்தன. இட்லித்தட்டு என்று பெயர் வைத்தாள் ஷோபா. அதன் கீழே நிற்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு சனிக்கிழமை, ஆட்கள் வந்து பழைய போன்களைக் கழற்றினார்கள். மேஜைப் போன்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக லாரி ஏறின. திங்கட்கிழமை மதியம் பெண்கள் கீழே போனபோது, சுவரில் போன் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. வயர்களை எடுக்கிறார்கள் என்று மாசக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வயரும் அதில் சேர்த்தி என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றியிருக்கவில்லை.

"போனா போகட்டும்" என்றாள் யசோதா. "என் மொபைல் நம்பர் விஜிகிட்ட கீது."

அந்த வாரமே அது நடந்தது. சாப்பிட்டு முடித்து மேலே ஏறிய யசோதாவின் செல்போன், மாடிப்படியின் பாதியில் விடாமல் கூவ ஆரம்பித்தது. விஜி கூப்பிட்டுக் கிடைக்காமல் போன செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அப்பாதுரைக்குத் தண்ணீர்க் குழாயருகே வலிப்பு வந்து, விழுந்து, தலை உடைந்திருந்தது. விஜி ஆபீஸுக்கும் போட்டிருக்கிறாள். இப்போது கீழே தள்ளிவிட வயர் இல்லை, யசோதாவின் மொபைலுக்கே போடுங்கள் என்று ரிசப்ஷன் பெண் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. கடைசியில் விஜியே தெருவில் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, தையல்தான்.

அதற்குப் பிறகு யசோதா கீழே சாப்பிட வரவில்லை. கார்கள் இறங்கும் சரிவின் ஓரத்தில், சிக்னல் கிடைக்கும் இடத்தில், செல்போனை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். காவல்காரர் வெங்கடசாமி வந்து, "இங்கெல்லாம் ஒக்காராதம்மா, பெரியவங்க காரு வரும்" என்பார். அவள் எழுந்து நிற்பாள். அவர் போனதும் உட்காருவாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் இன்னொரு கார் வரும்.

பிரிஜெட் இதை மேலே கண்ணாடி துடைத்துக்கொண்டே பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். அந்தப் பொய் தனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்தாள். அவளுக்குப் போன் செய்கிறவர்கள் யாரும் இல்லை. தம்பி வீட்டில்தான் இருக்கிறான். அவளுடைய செல்போனில் வருவதெல்லாம் ரீசார்ஜ் செய்யச் சொல்லும் குரல்தான். அடிக்காத போனை வைத்திருப்பவளுக்கு, போன் அடிக்காத மூலை சொர்க்கமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? யசோதாவுக்கும் சேர்த்து அவள் பதில் சொல்லிவிட்டாள்.

மெதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். "அந்தப் பொட்டிய இங்க ஒண்ணு வெக்கச் சொல்லலாமா?"

ஷோபா வாயில் இருந்த சோற்றோடு நிமிர்ந்தாள். "ஏங்க்கா? உனக்கு லவ்வர் யாராச்சும் போன் பண்றாரா?" எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஷோபாவின் முகம் மாறியது. "யசோதாக்கா பாவந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா சொன்னா ரூமே பூடும். அப்புறம் எல்லாரும் அந்தச் சரிவுலதான் ஒக்காரணும்."

பிரிஜெட் யசோதாவிடமே கேட்டாள். "வேணாம் பிரிஜெட்டு" என்றாள் அவள். "என் ஒருத்திக்காக எல்லாரு வயித்துலயும் அடிக்காத."

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பிரிஜெட் பேசாமல் இருந்துவிட்டாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிய வேலை.

மாடிகளில் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நிருபமா கடைசியாக ஒருமுறை வந்தாள். அன்று சாயங்காலத்தோடு அவள் வேலை முடிகிறது. ஏணிகளைக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரிஜெட் சாவிக்கொத்தோடு அவள் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தார்கள். மாடிப்படி ஜன்னலில் யசோதா தெரிந்தாள். டிபன் பாக்ஸை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காருக்கு வழி விட்டு, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா" என்று கம்ப்யூட்டரை மூடப் போனாள் நிருபமா.

"மேடம்." பிரிஜெட் வாயைத் திறந்தாள். சொல்ல நினைத்த வாக்கியம் உள்ளேயே உடைந்துபோனது. "கொஞ்சம் கீழ வாங்க."

முன்னால் நடந்தாள். யு.பி.எஸ். உறுமல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளித் திறந்து, வழக்கம்போல் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே பாய் விரித்திருந்தது. ஷோபாவும் மற்றப் பெண்களும் எச்சில் கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி ரசப் பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். 

"யாரும் இருக்கமாட்டாங்கன்னு சொன்னீங்க" என்றாள் நிருபமா.

"இருக்கோம் மேடம்" என்றாள் பிரிஜெட்.

ஷோபா அவளைப் பார்த்த பார்வையை பிரிஜெட் இன்றுவரை மறக்கவில்லை.

நிருபமா மறைக்கிற ஆள் இல்லை. ஆட்கள் இருக்கும் இடம் என்று படத்தில் திருத்த வேண்டியிருந்தது. திருத்தினால் டென்சில் சார் கையெழுத்துப் போடவேண்டும். அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேட்டரி பக்கத்துல சாப்பாடா? ஏதாச்சும் பத்திக்கிச்சுன்னா யார் பதில் சொல்றது? சர்ச்ல பாத்தா ஸ்தோத்திரம்கூட வாய்க்குள்ளயே சொல்ற ஆளு நீ, பிரிஜெட். இவ்ளோ நாளா இது உன் வேலையா?" சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து அங்கே யாரும் போகக் கூடாது.

ஷோபா பயந்ததுதான் நடந்தது. பெண்கள் ஆளுக்கொரு மாடியில் காபி அறை ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டார்கள். புதுப் போன்கள் சோற்று நேரத்திலும் கிணிங் கிணிங் என்றன. ஷோபா பிரிஜெட்டிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாவிச் சத்தம் கேட்டால், "வந்துச்சு பாரு, போலீஸ் ஜீப்பு" என்று மற்றவர்களிடம் சொல்வாள். பிரிஜெட்டுக்குக் காது சுட்டது. செய்தது சரியா என்று இராத்திரியெல்லாம் புரண்டு யோசித்தாள். சரி என்றும் தோன்றவில்லை, தப்பு என்றும் தோன்றவில்லை. முன்பு யசோதா ஒருத்தி நின்றுகொண்டு சாப்பிட்டாள், இப்போது எல்லாரும் நிற்கிறோம். இதற்காகவா வாயைத் திறந்தோம்?

நிருபமா அனுப்பிய கடைசி அறிக்கையில் ஒரு வரி இருந்ததாம். துப்புரவுப் பெண்களின் போன்களைத் தினமும் சார்ஜ் செய்து பூட்டி வைக்க ஓர் அறை வேண்டும், இல்லாவிட்டால் அவை தொலைந்துபோகும் என்று. டென்சில் சார் இடம் தேடினார். ரிசப்ஷனுக்குப் பின்னால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்த அறை சும்மா கிடந்தது. வயர்களெல்லாம் போய்விட்டதால் உள்ளே ஒன்றும் இல்லை. சுவரில் சார்ஜர்களை வரிசையாக மாட்டி, பெஞ்சு ஒன்றைப் போட்டு, சாவியை மறுபடியும் பிரிஜெட்டிடமே கொடுத்தார். "போன் சார்ஜ் ஆகற வரைக்கும் ஒருத்தர் காவலுக்கு இருங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ரெண்டு மூணு பேர் இருந்தாலும் பரவால்ல" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நம்மளுக்கு ரூம் குடுக்கல, போனுக்குக் குடுத்துக்கீறாங்கோ" என்று ஷோபா அறைக்குள் நுழைந்ததும் சொன்னாள். "நம்ம அதுங்களுக்கு விருந்தாளி." சொல்லிவிட்டு பாயை விரித்தாள். பிரிஜெட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் உட்கார இடம் விட்டுத்தான் விரித்தாள்.

யசோதாவும் வந்து உட்கார்ந்தாள். அறையில் சிக்னல் நன்றாகவே கிடைத்தது, அதனால் கம்பெனிப் போன்களும் சோற்று நேரத்தில் அடித்தன. முதல் சில நாட்கள், எது அடித்தாலும் பிரிஜெட்டே எழுந்துபோனாள். திரும்பி வரும்போது சோறு ஆறியிருக்கும். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஒருநாள் ஷோபா பொறுக்கமாட்டாமல் கத்தினாள்: "ஒக்காருக்கா! பெரிய தியாகி!" டென்சில் சாரிடம் போய் நின்று, சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன்தான் எடுப்போம், முறை போட்டு ஒருத்திதான் போவோம், மற்றவர்கள் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு வந்தவளும் அவள்தான். அவர் சரி என்று சொன்னாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஷோபா கேட்டுவிட்டு வரவில்லை, சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், அது யசோதாவின் முறை. தட்டில் பாதி இருக்கும்போது அவளுடைய சொந்த செல்போன் அடித்தது. விஜி. எல்லார் கையும் நின்றுவிட்டது.

"ஆ, சொல்லு… எப்போ? ஒருக்களிச்சுப் படுக்க வெச்சியா? வாய்ல ஒண்ணும் வெக்காத, ஸ்பூன் கீன் எதுவும் வேணாம். ஆட்டோவக் கூப்புடு. நான் நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்."

கையைக் கழுவக்கூட நிற்காமல் எழுந்தாள். ஷோபா அதற்குள் வாசலுக்கு ஓடிப்போய், "வெங்கடசாமி அண்ணா, ஆட்டோ! பேகா, சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிரிஜெட் யசோதாவின் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஆட்டோவில் ஏறிய யசோதா பையை வாங்கும்போது பிரிஜெட்டின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். அவள் விரல்களில் இருந்த சோறு பிரிஜெட்டின் கையிலும் ஒட்டியது. ஆட்டோ உல்சூர் பக்கம் திரும்பி மறைந்தது.

பிரிஜெட் திரும்பி வந்தாள். பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யசோதாவின் டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது. அதை மூடி வைத்தாள். கம்பெனிப் போன் கிணிங் என்றது. நாலாவது மாடி, ஜன்னலோரம், யாரோ காபியைக் கொட்டிவிட்டார்கள்.

யசோதாவின் முறைக்கு வைத்திருந்த அந்தப் போனை எடுத்துக்கொண்டு, துடைப்பத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரிஜெட் படியேறினாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று தன் சொந்த செல்போனை எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் உனக்குத்தான் போன் போடுவேன் என்று யசோதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.